அறிதிறன் குறைபாடும் சமநிலை உணர்வும்: பார்வை – அகச்செவி ஒருங்கிணைப்பு குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

முதியோர் விழுவதற்குக் கால் வலுவின்மை, பார்வை மங்கல், செவிக்கோளாறு ஆகியன காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. 'தள்ளாமை' என்னும் ஒரு சொல்லுக்குள் இவை யாவற்றையும் அடக்கிவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆயினும், கண்ணும் செவியும் காலும் ஓரளவு நன்னிலையில் இருந்தும் அறிதிறன் குறைந்த முதியோர் தடுமாறி விழுகின்றனர். புலன்கள் தரும் செய்திகளுள் எதனை ஏற்பது, எதனைப் புறக்கணிப்பது என்று தீர்மானிக்கும் மூளைத்திறன் தளர்வது இதற்கொரு முக்கியக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புலன்கள் முரண்படும் இடம்

உடலின் நிலையைக் கண், அகச்செவி, தசை மூட்டுகளிலும் உள்ளங்காலிலும் அமைந்த உணர்வேற்பிகள் ஆகிய மூன்றும் மூளைக்கு அறிவிக்கின்றன. அகச்செவியின் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியையும், இரண்டு செவிக்கல் உறுப்புகள் நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்கின்றன. இவ்வுறுப்புகள் வேகத்தில் நேரும் மாற்றத்தையே அறிவன. சீரான வேகத்தை அறியமாட்டா. நிற்கும் தொடர்வண்டியில் அமர்ந்திருப்பவர், அடுத்த தண்டவாளத்து வண்டி மெல்ல நகரும்போது தம் வண்டியே புறப்பட்டதாக உணர்வது பெரிதும் இதனால்தான். கண் தரும் செய்தியை மறுப்பதற்குரிய உறுதியான சான்று செவியிடம் இல்லை. நலமான மூளை, நடைமேடையை ஒருமுறை நோக்கிய அளவில் பிழையைத் திருத்திக்கொள்ளும். இத்திருத்தத்திற்குக் கவனமும் ஒப்பீடும் தேவை. அறிதிறன் குறைபாட்டில் குன்றுவனவும் அவையே.

1999இல் சாங், ஹோராக் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, அல்சைமர் நோயாளரையும் பார்க்கின்சன் நோயாளரையும் ஒப்பிட்டது. உடலின் நிலைக்குப் பொருந்தாத பார்வைச் செய்தியைப் புறந்தள்ளுவதில் அல்சைமர் நோயாளரே சிறப்பாக இடர்ப்பட்டனர். நடக்கும்போது காட்சி நம்மைக் கடந்து விரிந்து செல்லும் ஓட்டத்தை அறிவதிலும் அந்நோயாளர் சிலர் குறையுடையர் என்றும், வழி தவறுதலோடு அதற்குத் தொடர்புண்டு என்றும் டெட்யூஸ்கி, டஃபி ஆகியோர் அதே ஆண்டில் எடுத்துக்காட்டினர். நினைவிழப்பு என்று குடும்பத்தார் கருதும் வழிதவறல், ஓரளவு பார்வைப்புலன் சார்ந்ததாகவும் இருக்கலாம்.

கவனத்தின் பங்கைக் காட்டும் சான்று மிக எளியது. சுவீடனில் முதியோர் இல்லவாசிகள் 58 பேரோடு உடன் நடந்தவாறே பேச்சுக் கொடுத்துப் பார்த்தனர் லுண்டின்-ஓல்சன் குழுவினர் (1997). 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினர். அவர்களுள் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தனர். கருவி எதுவும் தேவைப்படாத சோதனை இது.

தொடர்பு ஒருவழிப்பட்டதன்று. அகச்செவிச் சமநிலையுணர்வை இருபுறமும் முற்றாக இழந்த 10 பேரை ஆராய்ந்த பிராண்ட் குழுவினர் (2005), நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி 16.9% சுருங்கியிருந்ததையும், இடம்சார் நினைவு குன்றியிருந்ததையும் கண்டனர். எனவே ஒரு முதியவரிடம் இரண்டு குறைகளும் சேர்ந்து காணப்படின், எது முந்தியது என்று விரைந்து முடிவுகட்டுதல் தகாது.

சோதனையில் விடுபடுவது

கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச்செய்து தள்ளாட்டத்தைக் காணும் ரோம்பர்க் சோதனை 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவருகிறது. அது பார்வை இல்லாத நிலையைச் சோதிக்கிறது. இங்குப் பேசப்பட்ட இடரோ பார்வை பொய்யுரைக்கும் நிலையில் எழுவது. கண்ணை மூடி உறுதியாக நிற்கும் ஒருவர், காற்றில் அசையும் திரைச்சீலையின் முன்னோ, வாகனங்கள் விரையும் சாலையோரத்திலோ நிலைகுலையக்கூடும். ஆகவே, விழுந்த முதியவரிடம் 'தலை சுற்றியதா?' என்று வினவுவதோடு நில்லாமல், அப்போது அவர் கண்முன் எது அசைந்தது, யாருடன் பேசிக்கொண்டிருந்தார் என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். அவருக்கு நினைவில்லையெனின், உடனிருந்தவரிடம் கேட்கலாம்.