பாட்டியின் பட்டும் ஒரு புழுவின் கணக்கும்

அம்மாவின் காஞ்சிப் பட்டை நிழலில் உலர்த்திக்கொண்டிருந்தேன். "ஒரு சின்னப் புழுவுக்குள் இவ்வளவு நூல் எப்படி?" என்றாள் மகள்.

மல்பெரி இலை தின்னும் பட்டுப்புழு, நான்கு முறை தோலுரித்து, சுமார் 25 நாளில் ஏறத்தாழ 10,000 மடங்கு எடை கூடுகிறது. ஆனால் அதன் பட்டுச் சுரப்பியின் செல்கள் எத்தனை என்பது முட்டைக்குள்ளேயே முடிவாகிவிடும். பிறகு அவை பிரிவதில்லை. உள்ளிருக்கும் மரபணுக்கள் மட்டும் லட்சக்கணக்கில் படியெடுக்கப்படும். செல்கள் பெரிதாகி, ஃபைப்ரோயின் என்னும் பட்டுப் புரதத்தைக் கொட்டும். ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இழை!

இதற்கு நேரம் குறிப்பவை ஹார்மோன்கள். இளமை ஹார்மோன் குறைந்து எக்டைசோன் கூடும்போது புழு தின்பதை நிறுத்திக் கூடு கட்டும். கடைசிப் பருவத்தில் இளமை ஹார்மோனை அளவோடு கொடுத்தால், கூடுதல் நாள் தின்று அதிகப் பட்டுத் தரும். அளவு மிஞ்சினால் கூடே கட்டாது.

"கூட்டுக்குள் இருக்கும் பூச்சி என்னாகும்?"

மறைக்க மனமில்லை. அது துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். அதனால் முன்பே சூட்டில் கொன்றுவிடுவார்கள் என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தாள். "இந்தத் தீபாவளிக்குப் புதுப் பட்டு வேண்டாம்மா. பாட்டியின் பட்டே போதும்."

நான் மறுக்கவில்லை.