உப்புக் காற்றும் ஊர்தியும்

வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் பல. அவற்றுள் ஒன்றின் முடிவில், புகையிரதப் பாதைக்கு அண்மையில், இரவு முழுவதும் நின்ற காரின் முன்கண்ணாடியை வைகறையில் விரலால் தடவி நாவில் வைத்துப் பாருங்கள், உவர்க்கும். கண்ணாடியிற் படிந்த உப்புத் துடைத்தாற் போய்விடும். தகட்டின் மடிப்பிலும் கதவின் அடிவிளிம்பிலும் புகுந்த உப்போ எளிதிற் போவதன்று. அஃது ஈரத்தை ஈர்த்துப் பிடித்து, மழையில்லாத நாளிலும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். கொழும்பிற் பழைய கார் வாங்க எண்ணுவோர் எஞ்சினின் ஓசைக்குச் செவி கொடுக்கும் முன்னர்த் துருவைத் தேடுதல் வேண்டும் என்பது யான் பட்டறிந்த பாடம்.

பட்ட கதையையும் கூறிவிடுகின்றேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் முன், இலக்கணம் கற்பித்துச் சேர்த்த பணத்தில் ஒரு மொறிஸ் மைனர் வாங்கினேன். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைக்க 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி அது. இலங்கையில் ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர் எனப் பலர்தம் முற்றங்களில் நின்ற பெருமையும் அதற்குண்டு. யான் கண்டது புதிதாகப் பூசிய பச்சை வர்ணம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் தாளம் தவறாமற் பாடியது. வேறென்ன வேண்டும்? பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். விற்றவர் பெயர் இங்கு வேண்டா.

மறுவாரம் அதனைக் கொட்டாஞ்சேனையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றேன். திருத்துபவர் காலடி விரிப்பைத் தூக்கித் திருப்புளியால் மெல்லக் குத்தினார். அது தரையைத் துளைத்து வெளியே சென்றது. “மாஸ்டர், எஞ்சின் தங்கம். நிலத்திலதான் தகடு எண்டு ஒண்டும் இல்லை” என்றார். இவ்வகை வண்டிக்கு உடல் வேறு, அடிச்சட்டம் வேறு அன்று. உடலே பாரத்தைத் தாங்குவது. தரையும் கதவின் கீழ்ப்படியும் உக்கினால் முதுகெலும்பே உக்கியதாகும். தகடு ஒட்டி முடிப்பதற்குள் வாங்கிய விலையிற் பாதி போயிற்று. மனையாளின் காப்புகள் இரண்டு ஓராண்டு அடகுக்கடையிற் கிடந்தன. அவர் அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதுவே எனக்குப் பெருந்தண்டமாயிற்று.

ஆதலின், வண்டி பார்க்கச் செல்வோர் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியிற் சுற்றிச் சட்டைப்பையில் எடுத்துச் செல்க. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலும் கதவின் அடியிலும் வைத்துப் பார்க்க. காந்தம் பற்றாத இடத்தில் வர்ணத்தின் கீழ் இரும்பில்லை, சாந்து பூசி நிரப்பப்பட்டிருக்கின்றது என்றறிக. பொருட்பெட்டியின் விரிப்பைக் கிளப்பிப் பார்க்க நாணவேண்டியதில்லை. களனி கங்கை 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியிலும் பெருகியபோது எத்தனையோ வண்டிகள் நீருள் மூழ்கின. அத்தகையது கைக்கு வருமாயின், இருக்கைப் பட்டியை முழுமையாக இழுத்துப் பாருங்கள். கழுவுவோர் கை எட்டாத அந்நுனியில் வண்டற்கோடு காட்டிக்கொடுக்கக்கூடும்.

அடுத்தது பத்திரம். பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியிற் பொறித்தவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். நிதிக் கம்பனி ஒன்றின் பெயர் முழுவுரிமையாளராகப் பதிவாகியிருப்பின், கடன் தீர்ந்து அப்பெயர் நீங்கும்வரை பணத்தை முழுதும் கொடுத்தல் ஆகாது. பெயர் மாற்றாமல், முன்னையவர் ஒப்பமிட்ட திறந்த பத்திரத்தோடு கைமாறும் வண்டிகள் நம்மிடையே மிகுதி. மலிவு என்று மயங்கி அத்தகையதை வாங்குவோர், ஒப்பமிட்டவர் இறந்துபட்டாலோ வெளிநாடு சென்றுவிட்டாலோ எத்தனை வாயிற்படி ஏறவேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

விலையைப்பற்றி யான் அறிவுரை கூறவல்லேன் அல்லேன். அந்நியச் செலாவணி முடையால் 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிகளின் விலை கண்டபடி ஏறிற்று. திறந்த பின்னரோ வரி வந்து வழிமறித்தது. ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பும் நான்கு சக்கரத்தின்மேல் ஏறுகின்ற காலத்தில், நம்பிக்கையான திருத்துநர் ஒருவரை உடனழைத்துச் செல்லும் கூலியை வீண் என்பது பேதைமை.

இனிப் பராமரிப்பு. கடலோரத்தில் வாழ்வோர் காரின் மேனியைத் துடைப்பதோடு அமையாது, அடிப்பாகத்தையும் நன்னீரால் அடிக்கடி கழுவுதல் வேண்டும். கதவுகளின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டாற் கதவு தன்னுள்ளே குளம் கட்டிக்கொள்ளும். எஞ்சின் எண்ணெயும் றேடியேற்றர் நீரும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையிற் பார்க்கத்தக்கன. சூடேறிய றேடியேற்றரின் மூடியைத் திறந்து முகம் வெந்தோர் உளர். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஆதலால் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றுதல் நலம். இப்பொழுது பெருகியுள்ள யப்பானியக் கலப்பின வண்டிகள் பலவற்றிற் பின்னிருக்கையின் அருகே பெரிய பற்றறிக்குக் காற்றுச் செல்லும் வழியுண்டு. அதனைப் புத்தகப் பையாலும் சந்தைப் பொதியாலும் அடைப்போரைக் காணுந்தோறும் வாய் திறவாதிருக்க என்னால் இயல்வதில்லை.

ஓட்டாமல் வைத்தலும் ஒரு நோயே. 2022 யூலையிற் காருக்கு வாரம் இருபது லீற்றர் என எரிபொருள் பங்கிட்டபோது, பலர் வண்டியை மூடி வைத்தனர். பற்றறி செத்தது, பிறேக் இறுகியது, மின்கம்பிகளை எலிகள் சுவைத்தன. பின்னர் அவர்களெல்லாம் உதிரிப் பாகம் தேடிப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைந்தனர்.

ஓட்டும் முறையில் ஒன்றிரண்டே சொல்வேன். கொட்டாஞ்சேனை நெரிசலிற் கிளச்சின்மேற் பாதத்தைச் சாய்த்து வைத்திருத்தல் தட்டை விரைவில் தேய்க்கும். வெள்ளம் நின்ற வீதியில் எஞ்சின் நின்றுபோனால் மீண்டும் முடுக்கற்க. உள்ளே புகுந்த நீர் உருளையில் அகப்பட்டு இரும்புத் தண்டை வளைத்துவிடும். இறங்கித் தள்ளுவதே உத்தமம்.

புறநானூற்றில் ஔவையார், உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைக் குறிப்பிடுகின்றார். வழியில் மேடும் பள்ளமும் எவ்வாறு வருமோ என்னும் முன்னறிவு அது. இதனை மாணாக்கருக்கு ஆண்டுதோறும் விரித்துரைப்பவன் யான். அங்ஙனமிருந்தும், 2009க்குப் பின் ஏ-9 வீதி திறந்து, முதன்முறையாக அம்மொறிஸ் மைனரில் யாழ்ப்பாணம் சென்றபொழுது நிகழ்ந்ததைக் கேளுங்கள். முறிகண்டிப் பிள்ளையார் முன்றலில், எல்லாரையும்போல நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பினால், பின்சக்கரத்தில் ஆணி. பொருட்பெட்டியைத் திறந்து மேலதிகச் சக்கரத்தை எடுத்தேன். அதிற் காற்றே இல்லை. தேங்காய் உடைக்க வந்த லொறிக்காரர் ஒருவர் தம் பம்பை எடுத்துவந்து, வியர்க்க வியர்க்கக் காற்றடித்துத் தந்து, “பிள்ளையார் மறிச்சபடியால் தப்பினியள், ஐயா” என்றார். காற்றடித்த கூலியை அவர் வாங்க மறுத்துவிட்டார்.