செவியும் சீருடையும்

முத்துக்குளித்தலில் பேச்சுக்கு இடமில்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பிகள் வாழும் பார்கள் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. கல்லின் கனத்தால் மூச்சடக்கி இறங்கும் குளியாளுக்கும், தோணியில் நின்று கயிற்றைப் பிடித்திருக்கும் துணைவருக்கும் இடையே இருந்த ஒரே மொழி அக்கயிறுதான். சிப்பிகளைத் திரட்டியதும் குளியாள் கயிற்றைச் சுண்டிக் குறிப்புக் காட்டுவார். மேலிருப்பவர் அவரை விரைந்து தூக்குவார். அக்குறிப்பை உணரத் தவறினால் உயிர் போகும். கொற்கை முத்துப் புகழ்பெற்றிருந்த காலந்தொட்டு, இக்கடலில் கடைசி முத்துக்குளிப்பு நிகழ்ந்த 1961ஆம் ஆண்டுவரை, நீருக்குள் இறங்கிய மனிதர் செவியை நம்பி உழைக்கவில்லை.

ஆனால், அத்தொழில் செவியை விலையாகக் கேட்டது. பத்து மீட்டர் ஆழத்தில் உடல்மீது அழுத்தம் இருமடங்காகிறது. இருபது மீட்டரில் மும்மடங்காகிறது. மூக்கைப் பிடித்துக் காற்றை நடுச்செவிக்குள் செலுத்தி அழுத்தத்தைச் சமன்செய்யாவிடில் செவிப்பறை கிழியும். மீண்டும் மீண்டும் கிழிந்து சீழ்வைத்தால் கேட்கும் திறன் குன்றும். முத்துக்குளிப்பு நின்றுவிட்டாலும் சங்குகுளித்தல் இன்றும் தொடர்கிறது. அத்தொழிலில் பழகிய இளைஞர் ஒருவர் கடற்படைக்கு விண்ணப்பித்தால், நீச்சலில் அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. செவிப்பறையில் துளை இருந்தால் மட்டும் மருத்துவத் தேர்வு அவரைத் தடுத்துவிடும். கடலை அறிந்ததற்குக் கொடுத்த விலையே கடற்படைக்குள் நுழையத் தடையாவது விந்தைதான்.

இந்தியப் படைகளில் ஒருவரின் உடற்தகுதி ஐந்து கூறுகளாக மதிப்பிடப்படுகிறது. மனநலம், செவித்திறன், கைகால்கள், பொது உடல்நலம், கண்பார்வை என்பன அவை. செவிக்கான தேர்வு எளிமையானது. தேர்வரை 610 சென்டிமீட்டர் தொலைவில், மருத்துவருக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்வர். மருத்துவர் அழுத்தமாக முணுமுணுக்கும் சொற்களை ஒவ்வொரு செவியாலும் தனித்தனியே கேட்டுச் சொல்ல வேண்டும். இது வெறும் சடங்கு அன்று. இரவுக்காவலில் நிற்பவர் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை உணர வேண்டும். போர்க்கப்பலில் தீப்பிடித்து மின்சாரம் அறுந்து புகை சூழ்ந்தால் விளக்குக் குறிப்போ கைச்சைகையோ கண்ணுக்குத் தெரியாது. அபாய ஒலியும் அதிகாரியின் குரலும் மட்டுமே எட்டும். அந்நிலையில் ஒருவர் கேளாதிருப்பது உடனிருப்போருக்கும் ஆபத்தாகும். காது கேளாதோரைப் படையில் சேர்க்கத் தயங்குவோர் கூறும் காரணங்களுள் வலிமை மிக்கது இதுவே.

சட்டமும் இத்தயக்கத்தை ஏற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் உரியது. எனினும் சில பணிகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தையும் அச்சட்டமே நடுவணரசுக்கு வழங்குகிறது. அவ்வதிகாரத்தின்படி 2021 ஆகஸ்டில் முப்படைகளின் போர்ப்பணியிடங்கள் அனைத்தும் விலக்கப்பட்டன. பாதுகாப்புத் துறையின் குடிமைப் பணிகள், துறைமுக அலுவலகப் பணிகள் போன்றவை இவ்விலக்கில் அடங்கா. ஆகவே, காது கேளாத ஒருவர் படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றலாம். அங்கு உருவான கருவியை ஏந்தும் சீருடையை அவர் அணிய இயலாது.

உலக வரலாறு இக்கோட்டை வேறு இடங்களிலும் வரைந்து பார்த்திருக்கிறது. 1836ஆம் ஆண்டின் டெக்சாஸ் போரில் சிறந்த ஒற்றராக விளங்கிய எராஸ்டஸ் சுமித், செவித்திறன் குன்றியவர். ‘டெஃப் சுமித்’ என்றே அழைக்கப்பட்டார். இஸ்ரேலில் காது கேளாதோருக்குக் கட்டாயப் படைப்பணி இல்லை. விரும்பினால் தொண்டர்களாகச் சேரலாம்.

இவற்றினும் சுவையானது அமெரிக்கக் கடற்படையின் அனுபவம். 1950களின் இறுதியில் விண்வெளிப் பயண ஆய்வுக்காக, வாஷிங்டனில் உள்ள கலாடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத 11 பேரை அக்கடற்படையின் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மூளை உறைக் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர்கள். அந்நோய் உட்செவியில் உடற்சமநிலையைக் காக்கும் உறுப்பையும் சிதைத்திருந்ததால், எவ்வளவு ஆட்டினாலும் அவர்களுக்குக் குமட்டல் வருவதில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே கொந்தளிக்கும் கடலில் அவர்களைக் கப்பலில் ஏற்றிச் சோதித்தபோது, அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தனர். சோதிக்க வந்த ஆய்வாளர்களோ கடல்நோயால் துவண்டு ஆய்வைக் கைவிட்டனர். குறை என்று எண்ணப்பட்ட ஒன்று அன்று கப்பலில் இருந்தோர் எவருக்கும் வாய்க்காத தகுதியாக நின்றது.

‘காது கேளாதோர் படையில் பணியாற்ற முடியுமா?’ என்ற வினா, ‘எந்தப் பணியில்?’ என்ற வினாவின்றி முழுமை பெறாது. நீர்மூழ்கிக் கப்பலில் நீரடி ஒலிகளைப் பகுத்தறிபவருக்கு மிக நுண்ணிய செவி வேண்டும். வானிலிருந்து எடுத்த படங்களை ஆராய்பவருக்கும் வரைபடம் தீட்டுபவருக்கும் கணினிப் பாதுகாப்பைக் கவனிப்பவருக்கும் கண்ணும் கருத்தும் போதும். பகைவர் அருகில் இருக்கையில் ஒலியெழுப்பாமல் முன்னேறும் வீரர்கள் கைச்சைகையால்தான் பேசிக்கொள்கின்றனர். தூத்துக்குடிக்கு அண்மையில் உள்ள பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கான பள்ளி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்குகிறது. அத்தகைய பள்ளிகளில் பயில்வோர் சைகையிலேயே சிந்தித்து வளர்ந்தவர்கள்.

படைகளுக்குள்ளேயே மற்றொரு வழக்கமும் உண்டு. பீரங்கி முழக்கத்தாலோ கப்பலின் எந்திர அறை இரைச்சலாலோ பணிக்காலத்தில் செவித்திறன் குன்றியவரை உடனே வெளியேற்றிவிடுவதில்லை. குறைபாட்டின் அளவைப் பொறுத்து அவரது மருத்துவத் தரம் குறைக்கப்படும். பொருத்தமான பணியிடம் இருப்பின் அவர் சீருடையுடனேயே அதில் தொடர்வார். அதே அளவு செவித்திறன் உடைய மற்றோர் இளைஞர் புதிதாக விண்ணப்பித்து, அதே மேசையில் அமர்ந்து அதே பணியைச் செய்ய இயலாது.