இறந்தவரின் உடலுக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு?

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் கனமானது. பாலியல் வன்முறை பத்தின பேச்சு வரும். கேட்கச் சங்கடமா இருந்தா தாராளமா தவிர்த்துடுங்க.

கேள்வி இதுதான்: இறந்துபோனவரின் உடலை ஒருத்தர் அவமதிச்சா, இந்தியாவில் என்ன தண்டனை?

1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 297 இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 301. இடுகாட்டில் அத்துமீறி நுழையறது, சடலத்தை அவமதிக்கறது, இறுதிச் சடங்குக்குக் கூடினவங்களுக்குத் தொல்லை குடுக்கறது, எல்லாம் இதுக்குள்ள வரும். அதிகபட்சம் 1 வருஷம் சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும்.

ஆனா இதுல ஒரு கண்டிஷன் இருக்கு. ஒருத்தர் மனசைப் புண்படுத்தற, இல்ல மதத்தை அவமதிக்கற நோக்கம் இருக்கணும். குறைஞ்சது, புண்படும்னு தெரிஞ்சாவது செஞ்சிருக்கணும். இந்தப் பிரிவு இருக்கறதே மதம் தொடர்பான குற்றங்கள் அத்தியாயத்தில்தான். அதாவது சட்டம் காப்பாத்தறது உயிரோட இருக்கறவங்க உணர்வை. இறந்தவருக்குன்னு தனியா எதுவும் இல்லை.

இது எங்கே இடிக்குதுன்னு பாருங்க. கர்நாடகாவில் 2015-ல் ஓர் இளம்பெண்ணைக் கொலை பண்ணி, அதுக்கப்புறம் உடலோட உறவு வெச்சுக்கிட்ட வழக்கு. விசாரணை நீதிமன்றம் கொலை, பாலியல் வன்கொடுமை ரெண்டுக்கும் தண்டனை குடுத்தது. 2023 மே மாசம் கர்நாடக உயர் நீதிமன்றம் கொலைக்கான ஆயுள் தண்டனையை உறுதி செஞ்சது. ஆனா வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிச்சிடுச்சு. சட்டப்படி சடலம் ஒரு 'நபர்' கிடையாது, அதால சம்மதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பதுதான் வாதம்.

கேட்டதும் கோபம் வருது, நியாயம்தான். ஆனா நீதிபதி நினைச்சாலும் புதுசா ஒரு குற்றத்தை உருவாக்க முடியாது. செஞ்ச நேரத்தில் அமலில் இருந்த சட்டத்தை மீறினா மட்டுமே தண்டிக்கலாம்னு அரசியலமைப்பின் 20-வது பிரிவு சொல்லுது. அதனால நீதிமன்றம் மத்திய அரசுக்குப் பரிந்துரை செஞ்சது: சட்டத்தைத் திருத்துங்க. பிணவறைகளில் சிசிடிவி வைக்கணும்னு மாநில அரசுக்கும் உத்தரவு போட்டது.

அதே வருஷம் டிசம்பரில் புதுச் சட்டம் நிறைவேறுச்சு. பெரிய வெர்ஷன் அப்டேட், ஆனா ரிப்போர்ட் ஆன இந்த பக் மட்டும் சரியாகலை. 2024 டிசம்பரில் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்குத்தான் வந்தது. கனடாவில் சடலத்தை அவமதிச்சா 5 வருஷம் வரை சிறை. பிரிட்டனில் சடலத்தோட பாலியல் உறவு 2003 சட்டத்திலேயே தனிக் குற்றம்.

முடியாத காரியமும் இல்லை. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த டாக்டரை அடக்கம் பண்ண விடாம ஒரு கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்குச்சு. ஒரே வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: அறிவிக்கப்பட்ட தொற்றுநோயில் இறந்தவரின் இறுதிச் சடங்கைத் தடுத்தா 1 முதல் 3 வருஷம் சிறை.

கண்ணியத்தோட வாழற உரிமை இறந்தபிறகு உடலுக்கும் பொருந்தும்னு உச்ச நீதிமன்றம் 1995-லயே சொல்லிடுச்சு. கொள்கை தயாரா இருக்கு. அதை ஒரு தண்டனைப் பிரிவா எழுதவேண்டியது நாடாளுமன்றத்தோட வேலை.

உங்க கருத்தைச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.