ஒளியும் கோணமும்

நம் விடுதியின் பின்புறமுள்ள கைப்பந்துத் திடலை மன்றத்து நண்பர்களுக்கு நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. நாள் முழுதும் வகுப்பிலும் ஆய்வுக்கூடத்திலும் கிடந்து, மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தால், இந்த வடபுலத்துக் குளிர்காலக் கதிரவன் நமக்காகக் காத்திருப்பதில்லை. கார்த்திகை முதல் தை வரை விளக்கு இல்லையேல் விளையாட்டும் இல்லை. ஆகவேதான், விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செய்த இரண்டு பிழைகளையும், அவற்றிலிருந்து கற்ற பாடத்தையும் எழுதி வைக்க முற்பட்டேன். இரண்டாவது பிழை என்னுடையது என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

திடலின் இரு பக்கமும் பக்கத்திற்கு இரண்டாக நான்கு கம்பங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 9 மீட்டர் உயரம். பக்கக் கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்கின்றன. ஒரே பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே 12 மீட்டர் தூரம். இவற்றில் முதலில் பொருத்தப்பட்டவை 200 வாட் எல்.இ.டி. விளக்குகள். "நல்ல வாட், நல்ல வெளிச்சம்" என்றார் கடைக்காரர். நாமும் நம்பினோம். மாட்டிய அன்று இரவு விடுதியின் இரண்டாம் மாடி அறைகளில் விளக்கேற்றாமலே படிக்கலாம் என்ற நிலை வந்தது. திடலிலோ பந்து மங்கலாகத் தெரிந்தது. மேலே நோக்கினால் கண் கூசியது. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவே. உண்ட சோற்றின் அளவைக் கொண்டு உழைப்பை அளக்க முடியுமா? ஒளி எங்கே போகிறது என்பதை வாட் சொல்லாது. அதைச் சொல்வது ஒளிக்கற்றையின் கோணம்.

ஒளிக்கற்றைக் கோணம் என்றால் என்ன? தோட்டத்திற்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பூவாளியில் ஊற்றினால் நீர் பரந்து விழும். ஆனால் அருகில்தான் விழும். குழாயின் வாயை விரலால் அழுத்தினால் அதே நீர் ஒடுங்கித் தொலைவு வரை பாயும். நீரின் அளவு மாறவில்லை, விரிவுதான் மாறியது. விளக்கும் அப்படியே. கற்றையின் நடுவில் ஒளி மிக வலிமையாக இருக்கும். நடுவை விட்டு விலக விலக வலிமை குறையும். இரு பக்கமும் அவ்வலிமை சரிபாதியாகக் குறையும் திசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தையே ஒளிக்கற்றைக் கோணம் என்கிறார்கள். அதற்கு வெளியே ஒளியே இல்லை என்று பொருளன்று. உண்டு, ஆனால் பாதிக்கும் குறைவு. எல்.இ.டி. விளக்கில் இக்கோணத்தை முடிவு செய்வது முன்னால் இருக்கும் வில்லை. பழைய குமிழ் விளக்குகளில் பின்னால் இருந்த பிரதிபலிப்பான்.

இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. விளக்கிலிருந்து குறி வைக்கும் இடத்திற்கு உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, கோணத்தில் பாதியின் 'டான்' மதிப்பால் பெருக்கினால் கற்றையின் அகலம் கிடைக்கும். 10 மீட்டர் தூரத்தில் 15 பாகைக் கற்றை 2.6 மீட்டர் அகலம் விரியும். 30 பாகை 5.4 மீட்டர், 60 பாகை 11.5 மீட்டர், 120 பாகையோ 34.6 மீட்டர். தூரம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும். ஒளிச்செறிவோ நான்கில் ஒரு பங்காகும்.

இனி நம் முதல் பிழைக்கு வருவோம். கம்பத்தின் அடியிலிருந்து திடலை நோக்கி 6 மீட்டர் தள்ளி ஓர் இடத்தைக் குறி வைத்திருந்தோம். அதாவது விளக்கு செங்குத்திலிருந்து ஏறத்தாழ 34 பாகை சாய்ந்திருந்தது. விளக்கின் கோணம் 120 பாகை. அதில் பாதி 60. இரண்டையும் கூட்டினால் 94. தொண்ணூறுதான் கிடைமட்டம். எனவே கற்றையின் மேல்விளிம்பு கிடைமட்டத்தையும் தாண்டி வானத்தை நோக்கிப் போயிருக்கிறது! மாடி அறைகளுக்கு வெளிச்சம் வந்த வழி இதுதான். பந்தை நோக்கி நிமிர்ந்தவர் கண் கூசிய காரணமும் இதுதான்.

இதைக் கண்டதும் நான் மறுகோடிக்கு ஓடினேன். 1984 செப்டம்பர் 28ஆம் நாள் தில்லி ஜவாகர்லால் நேரு அரங்கில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடியதே, நம் நாட்டில் மின்னொளியில் நடந்த முதல் பன்னாட்டு ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம். அத்தகைய பெரிய அரங்குகளின் உயர்ந்த கோபுரங்களில் குறுகிய கற்றை விளக்குகளே பெரும்பாலும் இருக்கும் என்று படித்திருந்தேன். "அங்கே நல்லது இங்கே தீதாகுமா?" என்று வாதாடி, 15 பாகை என்று தாளில் எழுதித் தந்தவன் நான். நல்லவேளையாக விளக்குகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கழற்றி மாட்டக்கூடிய வில்லைத் தட்டுகளை மட்டும் மாற்றினோம்.

அன்றிரவு திடலில் நான்கு பளிச்சிடும் திட்டுகள் தோன்றின. ஒவ்வொன்றும் 3 மீட்டர் அகலம்கூட இல்லை. அவற்றுக்கு இடையே இருள். பந்து ஒளியில் எழும்பி, இருளில் மறைந்து, எதிர்பாராத இடத்தில் மீண்டும் தோன்றியது. வலையருகே தடுக்கக் கை உயர்த்திய நம் அணித்தலைவர் அப்படி மறைந்து தோன்றிய பந்தைக் கணிக்க முடியாமல் வலக்கை மோதிர விரலை முறித்துக் கொண்டார். பருவத் தேர்வுக்கு அப்போது பதினோரு நாட்கள் இருந்தன. கட்டுப் போட்ட கையோடு அவர் மெல்ல மெல்ல எழுதியதைப் பக்கத்து வரிசையிலிருந்து பார்த்தேன். அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே என்னைக் கணக்குப் போட உட்கார வைத்தது.

அரங்கக் கோபுரத்திலிருந்து ஆட்டக்களத்திற்கு 100 மீட்டர் என்று கொள்வோம். அங்கே 15 பாகைக் கற்றை 26 மீட்டர் அகலம் விரிகிறது. அத்தகைய பல கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து களத்தை நிரப்புகின்றன. 60 பாகையை அங்கே மாட்டினால் 115 மீட்டர் பரவி, செறிவிழந்து, பார்வையாளர் கண்ணிலும் போய் விழும். ஆக, விளக்கில் நல்லது கெட்டது என்று இல்லை. தூரத்திற்குப் பொருந்தியது, பொருந்தாதது என்றே உண்டு. தொலைவுக்குக் குறுகியது, அண்மைக்கு அகன்றது.

நமக்கு எவ்வளவு தூரம்? கம்பத்தின் உயரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. சாய்வான தூரத்தைப் பார்க்க வேண்டும். உயரம் 9, தரையில் 6 என்றால் பைத்தகோரசு விதிப்படி 10.8 மீட்டர். அத்தூரத்தில் 60 பாகைக் கற்றை 12.5 மீட்டர் விரியும். கம்பங்களின் இடைவெளியோ 12 மீட்டர். எனவே பக்கத்துப் பக்கத்துக் கற்றைகள் விளிம்போடு விளிம்பு கூடுகின்றன. விளிம்பில் ஒவ்வொன்றின் வலிமையும் பாதி என்று முன்பே கண்டோம். பாதியும் பாதியும் சேர்ந்தால் ஏறத்தாழ முழுமை. இருட்திட்டுக்கு அங்கே இடமில்லை.

மேல்விளிம்பையும் பாருங்கள். 34உம் 30உம் 64 பாகை. கிடைமட்டத்திற்கு நன்றாகத் தாழ்வு. ஆனால் அது எதிர்ப்பக்கக் கம்பத்தின் அடிவரை எட்டுகிறது. அதனால் வலைக்கு மேலே எழும்பும் பந்தின் இரு புறமும் ஒளி பெறுகிறது. கைப்பந்தில் இது மிக முக்கியம். தரை வெளிச்சமாக இருந்து ஆகாயம் இருண்டிருந்தால் ஆடுபவருக்கு என்ன பயன்? பந்து தரையிலா பறக்கிறது?

மறுபடியும் வில்லைகளை மட்டும் மாற்றினோம். அதே விளக்கு, அதே வாட், அதே கம்பம். மின்துறை ஆய்வுக்கூடத்திலிருந்து ஒளிமானி ஒன்றை இரவல் வாங்கி, திடலைக் கட்டங்களாகப் பிரித்துப் பதினைந்து இடங்களில் அளந்தோம். மிகக் குறைந்த இடத்து அளவும் சராசரியில் பாதிக்குக் கீழே இறங்கவில்லை. மாடி அறைகளில் மீண்டும் விளக்கேற்றிப் படிக்கத் தொடங்கினார்கள்.

நண்பர்களே, நாளை நீங்கள் உங்கள் ஊரில் ஒரு கபடிக் களத்திற்கோ பூப்பந்துத் திடலுக்கோ விளக்கு வாங்கப் போகலாம். கடையில் "எத்தனை வாட்?" என்று கேட்கும் முன், கம்பம் எவ்வளவு உயரம், எவ்வளவு தள்ளி, எங்கே குறி என்று ஒரு தாளில் வரைந்து கொள்ளுங்கள். சாய்வுத் தூரத்தைக் காணுங்கள். நிரப்ப வேண்டிய அகலத்தைக் காணுங்கள். கோணம் தானே வந்து நிற்கும். சாய்வோடு பாதிக் கோணத்தைக் கூட்டி, அது தொண்ணூறுக்கு நன்கு குறைவாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். பத்து நிமிடக் கணக்கு அது. அதை நான் பிந்திப் போட்டதற்கு என் நண்பரின் விரல் விலையாயிற்று.

அவர் விரல் இப்போது தேறிவிட்டது. சென்ற வாரம் அதே வலையருகே நின்று, நான் அடித்த பந்தைத் தடுத்து வீழ்த்தினார். பந்து அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தோற்றதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!