ஃபைன் கட்டினால் முடிந்ததா? டிரைவிங் லைசென்ஸ் பறிபோவது எப்படி... மீட்பது எப்படி?

சிக்னலில் போலீஸார் மடக்கினால், அபராதத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பலாம். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், சில விதிமீறல்களில் அபராதம் பாதிக்கதைதான். மீதிக்கதை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் தொடங்கும்.

எந்தத் தவறுகளுக்கு?

உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, 2015-ல் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, அதிக பாரம் ஏற்றுவது, சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசியபடி ஓட்டுவது ஆகிய ஆறு தவறுகளுக்கும் குறைந்தது 3 மாதங்கள் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்றது.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது பட்டியல் நீண்டது. ஹெல்மெட் இல்லாமல் போனாலும், பைக்கில் மூன்று பேர் போனாலும் 1,000 ரூபாய் அபராதத்துடன் 3 மாத லைசென்ஸ் தடையும் உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவரின் லைசென்ஸையும் பறிமுதல் செய்யலாம். இப்படிப் பறிமுதலாகி ஆர்.டி.ஓ-வுக்குப் போகும் லைசென்ஸ், முதல் முறை 3 மாதங்களுக்கு முடக்கப்படலாம். மறுமுறை ரத்தே ஆகலாம்.

குறிப்பிட்ட வகை வாகனத்துக்கு மட்டுமல்ல, லைசென்ஸில் உள்ள எல்லா வகை வாகனங்களுக்கும் சேர்த்தே தடை போட அதிகாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் செய்த தவறு, கால் டாக்ஸி ஓட்டுநரின் திங்கட்கிழமை வருமானத்தில் கை வைக்கலாம் என்பது இதனால்தான்.

போலீஸார் ரத்து செய்ய முடியுமா?

முடியாது. லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ-வுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். அப்போது தரப்படும் ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால், அந்த ரசீதைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது.

முடிவெடுக்கும் முன் ஆர்.டி.ஓ உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். உத்தரவில் காரணத்தை எழுத வேண்டும். உத்தரவு கைக்கு வந்த 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸைப் பிரிக்காமலே ஓரமாக வைப்பவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

தடையை மீறி ஓட்டினால்?

3 மாதங்கள் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்த இழப்பீடு, பிறகு வண்டியின் உரிமையாளரிடமே வசூலிக்கப்படலாம்.

தடைக்காலம் 3 மாதங்களோடு நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2023-ல் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் பைக் சாகசம் செய்து விபத்துக்குள்ளான யூடியூபர் ஒருவரின் லைசென்ஸ், 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது.

பெற்றோர் கவனத்துக்கு...

18 வயதுக்குக் குறைவான பிள்ளை வண்டியோட்டி குற்றத்தில் சிக்கினால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் கிடைக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. தெருமுனைக் கடைக்குத்தானே என்று சாவியை நீட்டுமுன் இதை யோசிக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

* வீடு மாறியிருந்தால் லைசென்ஸில் முகவரியை மாற்றுங்கள். பழைய முகவரிக்குப் போகும் நோட்டீஸ் உங்கள் கைக்கு வராது.
* பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் செல்போன் எண் சரியாக இருக்கிறதா, நிலுவையில் இ-சலான் இருக்கிறதா என்று பாருங்கள்.
* நோட்டீஸ் வந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்துபூர்வமாக விளக்கம் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.
* சஸ்பெண்ட் ஆன லைசென்ஸைத் திரும்பப் பெற, ஓட்டுநர்களுக்கான புத்தாக்கப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதைப் பற்றி ஆர்.டி.ஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.