சோலாருக்கு முன்னாடி சுவிட்ச்! லட்சம் செலவில்லாமல் பள்ளியில் கார்பனை குறைப்பது எப்படி?

சென்னை: "பூமி சூடாகுது, கார்பனை குறைக்கணும்" என்று டி.வி.யில் தினமும் சொல்கிறார்கள். உடனே பள்ளிக்கூடத்தில் ஒரு மரக்கன்று நடும் விழா, ஒரு பேரணி, நாலு போட்டோ. அதோடு சரி. "நிஜமா குறைக்கணும்னா மாடி முழுக்க சோலார் போடணும். அதுக்கு லட்சக்கணக்குல பணம் வேணுமே, எங்கே போறது?" என்று பலரும் கையை விரித்து விடுகிறார்கள்.

ஆனால் பைசா செலவில்லாமல் இன்றைக்கே ஆரம்பிக்கிற வேலைகள் நிறைய இருக்கின்றன. அதில் பெரிய வேலை ஒன்று பள்ளி கேட்டுக்கு வெளியே, நம் பைக்கிலேயே இருக்கிறது!

கரண்டுக்கும் கார்பனுக்கும் என்ன சம்பந்தம்?

ஃபேன் சுற்றும்போது புகை எதுவும் வருவதில்லையே என்று கேட்கலாம். புகை வருவது வேறு இடத்தில். மேட்டூர், வடசென்னை, தூத்துக்குடி அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிகிறது. சோலார், காற்றாலை, நீர் மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்து சராசரி பார்த்தாலும், நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது.

இப்போது ஒரு சின்ன கணக்கு. 10 வகுப்பறை உள்ள பள்ளி. அறைக்கு 4 ஃபேன், 2 டியூப் லைட். பழைய ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். பழைய டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட். தினமும் 7 மணி நேரம், வருஷத்துக்கு 200 நாள் ஓடினால் ஃபேனுக்கு மட்டும் 4,200 யூனிட், லைட்டுக்கு 1,400 யூனிட். மொத்தம் 5,600 யூனிட். கார்பன் கணக்கில் சுமார் 3,900 கிலோ. யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் பில் 39 ஆயிரம் ரூபாயை தாண்டும்.

சைபர் ரூபாய் வேலை

காலை பிரேயர், மதிய சாப்பாடு, பி.டி. பீரியடு. இந்த நேரத்தில் காலி வகுப்பறையில் ஃபேன் பாட்டுக்கு சுற்றிக் கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஒழுங்காக ஆஃப் செய்தால், 40 ஃபேனுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 600 யூனிட் மிச்சம். 4,200 ரூபாய் மிச்சம். 420 கிலோ கார்பன் குறையும். செலவு? ஒன்றும் இல்லை.

வகுப்புக்கு ஒரு மாணவரை 'கரண்ட் லீடர்' ஆக்கி விட்டால் போதும். வாரம் ஒருத்தர் என்று மாற்றினால் பிள்ளைகள் போட்டி போட்டு செய்வார்கள். ஜன்னல் ஓர லைட்டுக்கு தனி சுவிட்ச் இருந்தால் பகலில் அதை போடவே வேண்டாம்.

அடுத்தது தண்ணீர் மோட்டார். மாடி டேங்க் நிரம்பி வழிந்தாலும் மோட்டாரை நிறுத்த ஆள் இருக்காது. தண்ணீரும் போகும், கரண்டும் போகும். டேங்க் நிரம்பியதும் தானாக நிற்கும் சுவிட்ச் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிறது. சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்ற அந்த செலவு கூட இல்லை.

ஃபேனை மாற்றலாமா?

இப்போது 'பி.எல்.டி.சி.' ஃபேன் வந்திருக்கிறது. அதே காற்று, ஆனால் இழுப்பது 30 வாட் தான். உடனே 40 ஃபேனையும் கழற்றி மாற்றச் சொன்னால் லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். போட்ட காசு திரும்ப ஆறு வருஷம் பிடிக்கும். நல்லா ஓடுற ஃபேனை கழற்றி வீச வேண்டாம்.

பதிலாக ஒரு முடிவு எடுங்கள். எந்த ஃபேன் ரிப்பேர் ஆகிறதோ, அதற்கு பதில் வாங்குவது இந்த ஃபேனாக இருக்கட்டும். சாதா ஃபேனை விட ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடுதல். வருஷத்துக்கு ஒரு ஃபேனில் 63 யூனிட், அதாவது சுமார் 440 ரூபாய் மிச்சம். கூடுதலாக கொடுத்த காசு மூன்று வருஷத்துக்குள் திரும்பி விடும்.

டியூப் லைட் விஷயம் இதை விட சுலபம். 20 வாட் எல்.இ.டி. டியூப் 200 ரூபாய் அளவில் கிடைக்கிறது. வருஷம் 42 யூனிட் மிச்சம். ஒரே வருஷத்தில் முதல் கைக்கு வந்து விடும். எனவே முதலில் லைட், பிறகு ஃபேன்.

மொட்டை மாடிக்கு வெள்ளை

மேல் மாடி வகுப்பில் மார்ச், ஏப்ரலில் உட்கார்ந்து பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை கேட்டால் தெரியும். ஃபேன் சுற்றினாலும் அனல் காற்று தான் வரும். மாடி தரையில் வெள்ளை சுண்ணாம்போ, வெயிலை திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்டோ அடித்தால் உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே தனி கொள்கை அறிவித்தது.

சுண்ணாம்பு மழையில் கரைந்து விடும். அதனால் ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் ஒரு கோட் அடிக்க வேண்டும். பெயின்ட் கான்ட்ராக்டர்கள், கொத்தனார்கள் என்று பெற்றோரிலேயே ஆள் இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிள்ளைகளுக்கு தலைவலி, மயக்கம் குறையும். ஏ.சி. கேட்கும் பேச்சும் எழாது.

சமையல் கூடத்தில் கவனம்

கொண்டைக்கடலை, பாசிப்பயறை முதல் நாள் இரவே ஊற வைத்தால் வேகும் நேரம் நன்றாக குறையும். பாத்திரத்தை மூடி வைத்து சமைத்தாலும் அப்படித்தான். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். மாதம் ஒரு சிலிண்டர் மிச்சம் பிடித்தாலே பெரிய விஷயம்.

மிச்ச சோறு, காய்கறி தோல் குப்பை மேட்டுக்கு போனால் அங்கே அழுகி மீத்தேன் வாயு வரும். இது கார்பன் டை ஆக்சைடை விட 25 மடங்குக்கு மேல் பூமியை சூடாக்கும். பள்ளி மூலையில் ஒரு குழி தோண்டி, காய்ந்த இலையோடு மாற்றி மாற்றி போட்டு கிளறி விட்டால் உரமாகி விடும். முருங்கை, கீரைக்கு அதுவே போதும். இலை சருகு, பழைய பேப்பரை கொளுத்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த புகையை சுவாசிப்பது நம்ம பிள்ளைகள் தான்.

கேட்டுக்கு வெளியே தான் பெரிய புகை

இது தான் பலருக்கும் தெரியாத விஷயம். வீடு 3 கிலோமீட்டர் தூரம். அப்பா பைக்கில் காலையில் விட்டு விட்டு திரும்புகிறார். மாலையில் மறுபடி வந்து கூட்டிப் போகிறார். ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர். 200 நாளில் 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தாலும் 48 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். கார்பன் சுமார் 110 கிலோ.

இப்படி 40 பேர் வந்தால் 4,400 கிலோ! பள்ளியில் ஓடுகிற மொத்த ஃபேன், லைட்டை விட இது அதிகம். ஆனால் பள்ளி கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை.

ஒரே தெரு பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு பெரியவர் துணையோடு நடந்து வரலாம். பக்கத்து வீட்டு பெற்றோர் ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக் கொள்ளலாம். அரசு பள்ளி பிளஸ் 1 மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது. பஸ்சுக்கு இலவச பாஸ் இருக்கிறது. சைக்கிள் வீட்டில் துருப்பிடிக்க, பையன் பைக் பின்னால் வருவது யாருக்கு லாபம்?

ஒன்று மட்டும் கவனம். ரோடு பாதுகாப்பாக இல்லை என்றால் சின்ன பிள்ளையை சைக்கிளில் அனுப்ப யாருக்கும் மனசு வராது. பள்ளி முன்பு வேகத்தடை, நடைபாதை கேட்டு மனு கொடுப்பதும் கார்பன் குறைக்கிற வேலை தான்.

மரம், சோலார் வேண்டாமா?

வேண்டும். ஆனால் வளர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்கு சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடை தான் இழுக்கும் என்கிறது பொதுவான கணக்கு. காலி அறையில் ஃபேனை ஆஃப் செய்வது 21 மரத்தின் வேலைக்கு சமம். மேற்கு பக்கம் வேம்பு, புங்கன் வைத்தால் மாலை வெயில் சுவரில் படாது. நட்டதை விட தண்ணீர் ஊற்றி காப்பாற்றுவது தான் முக்கியம்.

சோலார் கடைசியில் வரட்டும். முதலில் வீணாவதை நிறுத்தி விட்டால், 5 கிலோவாட் தேவைப்பட்ட இடத்தில் 3 கிலோவாட்டே போதுமானதாகி விடலாம். செலவும் குறையும்.

யார் கேட்பது?

நீங்கள் தான்! கல்வி உரிமைச் சட்டப்படி அரசு, உதவி பெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர்கள் தான். பாதி பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்கு போகும்போது மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். போன வருஷ கரண்ட் பில் எவ்வளவு? எத்தனை பழைய டியூப் லைட் இருக்கு? எத்தனை பிள்ளைகள் பைக்கில் வர்றாங்க?

இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வருஷம் அதே மாதம் மறுபடி பாருங்கள். எவ்வளவு குறைந்தது என்று பில்லே சொல்லி விடும். மிச்சமாகிற காசில் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல குடிதண்ணீர் ஃபில்டர் வாங்கலாமே!